மருந்துத் தெளிப்பில் நாசிலும் சுழற்காற்றும்

பயிருக்கு மருந்து தெளிப்பதை நம் உழவர்கள் 'மருந்தடித்தல்' என்றே வழங்கி வருகின்றனர். அந்தச் சொல்லுக்கேற்ப, பலமாக அடித்தால், இலை நுனியிலிருந்து சொட்டும்வரை அடித்தால், பூச்சி ஒழியும் என்னும் எண்ணமும் ஊரில் வேரூன்றியிருக்கிறது. இலையிலிருந்து சொட்டிய மருந்து பூச்சிக்குப் போய்ச் சேர்ந்த மருந்தன்று. அது மண்ணுக்கும் வாய்க்காலுக்கும் போன பணம். மருந்தின் விலையைப் பற்றிக் கடையில் நெடுநேரம் பேசும் நாம், அம்மருந்தைப் பயிரில் கொண்டு சேர்க்கும் நாசிலைப் பற்றிப் பேசுவது மிகவும் அரிது. கட்டைவிரல் நுனியளவே உள்ள அச்சிறு பொருளில்தான் ஒரு டேங்க் மருந்து பயன்படுமா, வீணாகுமா என்பது தீர்மானமாகிறது. ஆகவே நாசில் எவ்விதம் வேலை செய்கிறது, அதிலும் பவர் ஸ்பிரேயர் என்னும் விசைத் தெளிப்பானில் வேகமான காற்று மருந்து நீரோடு எப்படிக் கலக்கிறது என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

துளியின் கணக்கு

தெளிப்பு என்பது நீரைத் துளிகளாக உடைக்கும் வேலை. துளியின் பருமனை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அளவு ஒருவாறு கண்ணுக்குப் புலப்படும்.

400 மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு துளியை 200 மைக்ரான் துளிகளாக உடைத்தால் எட்டுத் துளிகள் கிடைக்கும். அதையே 100 மைக்ரானாக உடைத்தால் 64 துளிகள் கிடைக்கும். குறுக்களவு பாதியானால் எண்ணிக்கை எட்டு மடங்காகிறது என்பதே கணக்கு. ஒரு லிட்டர் நீரை 400 மைக்ரான் துளிகளாக்கினால் சுமார் 3 கோடித் துளிகள். 100 மைக்ரான் துளிகளாக்கினால் சுமார் 190 கோடித் துளிகள். நீர் அதே ஒரு லிட்டர்தான். இலைப்பேன் போன்ற சிறு பூச்சிகள் அங்குமிங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் இலையில், பெருந்துளிகள் இடைவெளி விட்டு விழுவதைவிடச் சிறுதுளிகள் நெருங்கி விழுவது மேல் என்பது சொல்லாமலே விளங்கும்.

அப்படியானால் துளி எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவும் நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் காற்றும் வெயிலும் குறுக்கிடுகின்றன. 200 மைக்ரான் துளி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒன்றரை விநாடி போதும். 100 மைக்ரான் துளிக்கு ஏறத்தாழ 4 விநாடி வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் வீசும் இளங்காற்றிலேயே முதல் துளி 3 மீட்டரும் இரண்டாம் துளி 8 மீட்டரும் ஒதுங்கிப் போய் விழும். அடுத்த வரப்பைத் தாண்டி அயலார் கீரைப் பாத்தியில் விழுந்தால் அது வழக்கிலே முடியும்.

வெயிலின் கணக்கு இன்னும் கடுமையானது. வெப்பம் 30 பாகையும் காற்றின் ஈரம் 50 விழுக்காடும் உள்ள வேளையில், 200 மைக்ரான் நீர்த்துளி வற்றிப் போக ஒரு நிமிடமாகும். 100 மைக்ரான் துளி ஏறத்தாழ 15 விநாடியில் வற்றும். 50 மைக்ரான் துளிக்கு 4 விநாடிதான். நீர் வற்றியபின் எஞ்சும் மருந்துத் துகள் எந்த இலையிலும் படியாமல் காற்றோடு போய்விடும். நடுப்பகலில் தெளிக்கலாகாது என்று பெரியோர் சொல்வதற்கு இதுவே காரணம். ஆகவே துளி மிகப் பெரிதாயிருந்தால் இலையிலிருந்து உருண்டோடும்; மிகச் சிறிதாயிருந்தால் இலைக்கே வந்து சேராது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் நாசிலின் கடமை.

மடைச்சுழியும் நாசிலும்

ஏரி மடை திறந்திருக்கும்போது மடைவாய்க்கு மேலே நீர் சுழித்துக்கொண்டு இறங்குவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சுழியின் ஓரத்தில் நீர் மெல்லச் சுற்றும். நடுவை நெருங்க நெருங்க அதன் வேகம் மிகும். நட்டநடுவில் நீரே இராது, புனல் போல ஒரு காற்றுப் பள்ளம்தான் இருக்கும். முதுகில் தூக்கும் கைத்தெளிப்பானின் நாசிலுக்குள் நடப்பதும் இதுவே.

நாசிலைக் கழற்றிப் பார்த்தால் மூடிக்குள்ளே நடுவில் நுண்துளையுள்ள ஒரு வட்டத்தகடும், அதன் பின்னால் சாய்வான காடிகள் வெட்டிய ஒரு சுழல்தகடும், அதற்கும் பின்னால் ஒரு வடிகட்டியும் இருக்கும். பம்பு தள்ளும் நீர் சாய்ந்த காடிகள் வழியே நுழைவதால் இரு தகடுகளுக்கும் இடையிலுள்ள சிற்றறையில் சுழல்கிறது. ஓரத்தில் நுழைந்த நீர் நடுத்துளையை நெருங்கும்போது பன்மடங்கு வேகம் பெறுகிறது. துளையின் நடுவே காற்றுத் தண்டு ஒன்று அமைந்துவிடுவதால், நீர் துளையின் விளிம்பை ஒட்டி மெல்லிய படலமாகவே வெளிவருகிறது. வெளிவந்ததும் அப்படலம் குடை போல விரிந்து, விரிய விரிய மெலிந்து, கிழிந்து துளிகளாகிறது. இதனால் தரையில் விழும் தெளிப்பு ஒரு வளையமாக இருக்கும், நடுவில் நீர் குறைந்திருக்கும். உள்ளீடற்ற கூம்பு நாசில் என்று இதனைச் சொல்வதன் காரணம் இதுதான்.

இது புதிதாகக் கண்டதன்று. 1880-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி இலையைத் தின்னும் புழுவைப் பற்றிச் சார்லஸ் ரைலி என்னும் பூச்சியியல் வல்லுநரின் தலைமையில் அரசாங்க ஆராய்ச்சி நடந்தபோது, அவரோடு பணிபுரிந்த பர்னார்டு என்பவரின் முயற்சியில் சுழலறை நாசில் உருவாயிற்று. இலையின் அடிப்புறத்துக்கு மருந்து சேர வேண்டும் என்பதே அவர்கள் கண்ட தேவை. சில ஆண்டுகளில் அது பிரான்சுக்குச் சென்றது. 1885-இல் மில்லர்தே வெளியிட்ட போர்டோ கலவையைத் திராட்சைக் கொடிகளுக்குத் தெளிக்க வேண்டியிருந்த காலம் அது. வெர்மொரெல் என்னும் தொழிலதிபர் இந்த நாசிலைத் திருத்தி, முதுகில் தூக்கும் தெளிப்பான்களில் பொருத்தி எங்கும் பரப்பினார். இன்று நம் கையிலிருக்கும் பித்தளை நாசில் அதன் வழித்தோன்றலே.

சுழலறை ஆழமாயிருந்தால் சுழற்சி தளர்ந்து கூம்பு ஒடுங்கும், துளி பருக்கும். ஆழம் குறைந்தால் கூம்பு அகன்று துளி சிறுக்கும். துளை பெரிதானால் நீர் மிகுதியாக வரும். அழுத்தத்தைப் பற்றி மட்டும் பலரும் தவறாக எண்ணுகின்றனர். அழுத்தத்தை இரட்டித்தால் நீர் இரட்டிப்பதில்லை. நீர் இரண்டு மடங்காக வேண்டுமானால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். பம்பை வெறியோடு அடிப்பவர் வேலையை விரைவுபடுத்துவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் துளியைப் பொடியாக்கிக் காற்றுக்குத் தாரை வார்க்கிறார்.

களைக்கொல்லிக்கு இந்தக் கூம்பு நாசில் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். களைக்கொல்லித் துளி மிதந்து சென்றால் பயிரே கருகும். அதற்கு விசிறி போல் தட்டையாக விழும் நாசிலோ, தகட்டில் மோதிச் சிதறும் நாசிலோ உண்டு. அவை குறைந்த அழுத்தத்தில் பெருந்துளிகளைத் தருவன.

காற்று நீரைக் கிழிக்கும் விதம்

விசைத் தெளிப்பானில் நிலைமை வேறு. அங்கே நீருக்கு அழுத்தம் மிகவும் குறைவு. நீர் வழிந்து வருகிறது என்றே சொல்லலாம். எஞ்சின் சுழற்றும் விசிறி வளைகுழாய் வழியே பெருங்காற்றைத் தள்ளுகிறது. குழாயின் வாயில் விநாடிக்கு 75 மீட்டர் அளவில் பாயும் அக்காற்று, தன் பாதையில் வந்து விழும் நீரை இழைகளாக இழுத்து, இழைகளைத் துளிகளாகக் கிழிக்கிறது. மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் அது. நம் கடற்கரையைத் தாக்கும் பெரும் புயல்களிலும் இவ்வேகம் அரிது.

இவ்விதம் காற்றால் நீரை உடைப்பதைப் பற்றி 1930-களின் இறுதியில் ஜப்பானில் நுகியாமா, தனசாவா என்னும் இருவர் விரிவான சோதனைகள் செய்து ஒரு வாய்பாட்டை வகுத்தனர். அதன் சாரம் இரண்டு செய்திகளே. நீரின் கொள்ளளவைப் போல் 5,000 மடங்குக்கு மேல் காற்று இருக்கும்வரை, துளியின் பருமனைத் தீர்மானிப்பது காற்றின் வேகம்தான். வேகம் பாதியானால் துளி இரு மடங்கு பருக்கும். காற்று அதற்குக் குறைந்தால் நீரின் அளவும் கணக்கில் சேர்ந்து, துளி மேலும் பருத்துக்கொண்டே போகும்.

விநாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் அவ்வாய்பாடு தரும் சராசரித் துளி ஏறத்தாழ 67 மைக்ரான். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினைத் தணித்து ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. விசிறியின் வேகம் பாதியானால் காற்றின் வேகமும் பாதியாகும், துளி 133 மைக்ரானாகும், துளிகளின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகும். மிச்சமான எரிபொருளின் விலையையும், வீணான மருந்தின் விலையையும் அருகருகே எழுதிப் பார்த்தால் இந்தச் சிக்கனத்தின் தன்மை புலப்படும். விசைத் தெளிப்பானை முழு வேகத்தில் ஓட்டவேண்டும். மருந்தைக் குறைக்கக் கூட்டத் திருகு இருக்கிறது, அதை மட்டும் திருப்பலாம்.

இன்னொன்று. நிமிடத்துக்கு 8,000 லிட்டர் காற்றைத் தள்ளும் யந்திரத்தில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் மருந்து நீர் விட்டால், காற்று 8,000 மடங்கு இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளலாகாது. நீர் முழுவதும் குழாயின் ஒரு மூலையில் விழுந்தால், அம்மூலையிலுள்ள காற்றுக்குத்தான் வேலை; மற்றக் காற்று வெறுங்கையோடு வெளியேறிவிடும். மூலையில் மட்டும் கணக்குப் பார்த்தால் விகிதம் 5,000-க்கு வெகுவாகக் கீழே போய்விடும். ஆகையால் நாசில் வடிப்பவரின் முதற்கவலை, நீரைக் காற்றின் முழுப் பரப்பிலும் சமமாகப் பங்கிடுவது எப்படி என்பதே. சிலர் நீரைப் பல சிறு துளைகள் வழியே விடுகின்றனர். சிலர் காற்றையே சுழலச் செய்கின்றனர்.

சுழலின் நன்மையும் தீமையும்

குழாயின் வாயருகே சாய்வான இறக்கைத் தகடுகளைப் பொருத்தினால், நேரே பாயும் காற்று திருகு போலச் சுழன்றுகொண்டு வெளிவருகிறது. அதன் நடுவே வந்த நீர் நாற்புறமும் பங்கிடப்படுகிறது. வெளிவந்த காற்றும் அகன்று, சுற்றுப்புறக் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, பரந்த புகைமேகமாகப் போகிறது. செடியின் இலைகள் புரண்டு அடிப்புறம் காட்டுவதும் இச்சுழலால் எளிதாகிறது. நெல்லில் புகையான் தூரின் அடியில் தங்கும். கத்தரியில் வெள்ளை ஈ இலையின் கீழ்ப்புறம் அப்பியிருக்கும். நேர்க்காற்று தொடாத இடங்கள் அவை.

ஆனால் சுழல் என்பது இருமுனைக் கத்தி. நெல் அரைவை ஆலைகளின் கூரைமேல் புனல் வடிவான தகரக் கூண்டு இருப்பதை நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். உமித் தூசியும் காற்றும் அதற்குள் சுழலவிடப்படுகின்றன. தூசி சுவரை நோக்கி வீசப்பட்டு வழுகிக் கீழே விழுகிறது, காற்று மேலே போகிறது. கலந்திருப்பதைப் பிரிக்க அங்கே பயன்படும் அதே சுழலை, பிரிந்திருப்பதைக் கலக்க நாம் இங்கே பயன்படுத்துகிறோம். கவனம் பிசகினால் அது தன் பழைய தொழிலையே செய்யத் தொடங்கும். 3 செண்டிமீட்டர் ஆரத்தில் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுழலும் துளியை வெளிநோக்கி இழுக்கும் விசை, அதன் எடையைப் போல் 1,300 மடங்குக்கு மேல். சுழல் தகடுகளுக்குப் பின் குழாய் நீண்டிருந்தால், பெருந்துளிகள் சுவரில் மோதி ஒன்று சேர்ந்து, விளிம்பிலிருந்து சொட்டு சொட்டாக வடியும். குழாயின் வாய் ஒழுகுகிறது என்று உழவர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீர் புகும் இடமும் சுழல் பிறக்கும் இடமும் வாயை ஒட்டியே இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து பிறக்கும் விதி. குழாய் குட்டையாயிருக்கிறதே என்று எண்ணி அதன் வாயில் பிளாஸ்டிக் குழாயைச் செருகி நீட்டுபவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

தகடுகளின் சாய்வுக்கும் எல்லை உண்டு. 15, 20 பாகைச் சாய்வு மென்மையான சுழலைத் தரும். ஏறத்தாழ 40 பாகையைக் கடந்தால், சுழலின் நடுவில் அழுத்தம் குறைந்து, வெளியே சென்ற காற்று நடுவழியே பின்னோக்கித் திரும்பும். ஆலை உலைகளில் எண்ணெயை எரிக்கும் பர்னர்களில் இதை வேண்டுமென்றே செய்கின்றனர். திரும்பி வரும் சூடான வாயு புதிய எண்ணெய்த் துளியைப் பற்றவைத்துச் சுவாலையை அணையாமல் நிறுத்துகிறது. உலைக்கு நன்மையான அச்செயல் தெளிப்பானுக்குத் தீமை. மருந்துத் துளி குழாய் வாய்க்கே திரும்பி வந்து படியும். தெளிப்பவரின் கையும் நனையும்.

மேலும், சுழல் மிகுந்தால் காற்று விரைவில் அகன்று தளர்ந்துவிடும், தூரம் போகாது. சுழலாத காற்றுத் தாரைக்கே கணக்குப் பார்ப்போம். குழாய் வாய் 6 செண்டிமீட்டர், வேகம் 75 மீட்டர் என்றால், 3 மீட்டர் தூரத்தில் தாரையின் நடுவேகம் விநாடிக்கு 9 மீட்டராகவும், 6 மீட்டர் தூரத்தில் நாலரை மீட்டராகவும் குறைந்துவிடும். சுழலும் தாரை இதனினும் விரைவாகத் தளரும். ஆகவே மாமரத்தின் உச்சிப் பூங்கொத்தில் தத்துப்பூச்சியை எட்ட விரும்புவோர் சுழல் தகட்டை நீக்கி நேர்முனையைப் பொருத்த வேண்டும். இடுப்பளவு செடிக்கு அகன்ற முனை நல்லது. யந்திரத்தோடு பெட்டியில் இரண்டு மூன்று முனைகள் வருவது இதற்காகவே. அவை பெரும்பாலும் பெட்டியிலேயே உறங்குகின்றன.

மரத்துக்குத் தெளிக்கையில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. பல யந்திரங்களில் மருந்து டேங்கை அழுத்தித் தள்ளுவது விசிறியிலிருந்து வரும் சிறிதளவு காற்றே. குழாயை டேங்கைவிட உயரத் தூக்கினால் நீர் வரவு குறையும், மூடி இறுகாமல் இருந்தால் அறவே நிற்கும். உயர மரங்களுக்குத் தனிப் பம்பு உள்ள யந்திரமே ஏற்றது.

ஏக்கர்க் கணக்கு

கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ வாடகைக்கு விடும் தெளிப்பான் பல கைகளில் மாறிமாறிப் புழங்குவது. அதன் நாசில் தேய்ந்ததா என்பதை அறிய ஒரு கைக்கடிகாரமும் அளவுக் குடுவையும் போதும். புதிய நாசிலைப் பொருத்தி, வெறும் நீரை ஒரு நிமிடம் குடுவையில் பிடித்து, அளவைத் தெளிப்பானின் மேலேயே எழுதி வைக்கவேண்டும். பின்னர் அவ்வப்போது பிடித்துப் பார்க்கவேண்டும். புதியதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிகுந்தால் நாசிலை மாற்றிவிடுவது முறை. துளை தேய்ந்து அகலும்போது அளவு மட்டும் மிகுவதில்லை. அதன் விளிம்பு கோணலாகிக் கூம்பின் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்தும் போகிறது. நனையும் தூள் மருந்துகளும், மணல் கலந்த வாய்க்கால் நீரும் பித்தளையை விரைவில் தின்னும். பீங்கான் தகடு நெடுநாள் தாங்கும்.

கைத்தெளிப்பான் நிமிடத்துக்கு 900 மில்லி தருகிறது, தெளிப்பவர் நிமிடத்துக்கு 30 மீட்டர் நடக்கிறார், ஒரு நடைக்கு ஒரு மீட்டர் அகலம் நனைகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 30 சதுர மீட்டர் ஆயிற்று. ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆகவே 135 நிமிடமும் 121 லிட்டர் நீரும் வேண்டும். நாசில் தேய்ந்து நிமிடத்துக்கு 1,125 மில்லி வந்தால், அதே நடையில் 152 லிட்டர் செலவாகும். டேங்குக்கு இத்தனை மூடி மருந்து என்று கலப்பவர், தம்மை அறியாமலே ஏக்கருக்குக் கால் பங்கு மருந்தைக் கூடுதலாக ஊற்றிவிடுகிறார்.

விசைத் தெளிப்பானில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர், அகலம் 4 மீட்டர், நடை அதே 30 மீட்டர் என்றால், ஏக்கருக்கு 34 நிமிடமும் 34 லிட்டரும் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஏக்கருக்கு இட வேண்டிய மருந்தின் அளவு மாறுவதில்லை. நீர் மட்டுமே குறைகிறது. ஏக்கருக்கு 250 மில்லி மருந்து என்று வைத்துக்கொண்டால், கைத்தெளிப்பானில் லிட்டருக்கு 2 மில்லி சேரும். விசைத் தெளிப்பானில் 7 மில்லிக்கு மேல் சேரும். கரைசல் மூன்றரை மடங்கு காரமானது. மருந்துப் புட்டியின் சீட்டு குறைந்த நீரில் தெளிக்க இடம் தருகிறதா என்பதைப் பார்த்தபின்பே இம்முறையில் இறங்கவேண்டும்.

தெளிப்பு சரியாக விழுகிறதா என்று காண விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. நீரில் சலவை நீலத்தைக் கலந்து, வெள்ளைக் காகிதத் துண்டுகளைச் செடியின் மேலும் நடுவிலும் அடியிலும், இலையின் இருபுறமும் செருகி வைத்துத் தெளித்துப் பார்க்கலாம். பூச்சி மருந்துக்கு ஒரு சதுர செண்டிமீட்டரில் 20 முதல் 30 புள்ளிகள் இருந்தால் போதும். நோய்க்குத் தெளிக்கும் மருந்துக்கு 50 முதல் 70 வரை வேண்டும். புள்ளிகள் ஒன்றாகி ஓடியிருந்தால் நீர் மிகுதி. அடித் துண்டுகள் வெள்ளையாகவே இருந்தால் காற்று அங்கே எட்டவில்லை.

டிரோன் தெளிப்புக்கும் இதே சோதனை பொருந்தும். டிரோன் கொண்டு மருந்து தெளிப்பதற்கான நடைமுறைகளை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. அதன் விசிறிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றே துளிகளைச் செடிக்குள் செலுத்துகிறது. மிக உயரப் பறந்தால் அக்காற்று பயிரைத் தொடுமுன் கலைந்துவிடும்.

தெளிப்பவரின் உடல்

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவரும் கூலியாட்களுமாக இருபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு பருத்திச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றதும், பல மருந்துகளை ஒன்றாகக் கலந்ததும், பாதுகாப்பு உடை இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. உயர்ந்த செடிகளுக்கு நடுவே நடப்பவர், தாம் எழுப்பிய மருந்து மேகத்துக்குள்ளேயே நடக்கிறார். 50 மைக்ரான் துளி ஒரு மீட்டர் இறங்கவே 14 விநாடியாகும் என்றால், காற்றில்லாத வேளையில் அம்மேகம் அவரைச் சுற்றியே நிற்கும்.

ஆகவே காற்று ஒரு பக்கத்திலிருந்து மெல்ல வீசும் காலை, மாலை வேளையில், காற்றுக்குக் குறுக்கே நடந்து, காற்றுப் போகும் பக்கம் குழாயை நீட்டி, தெளித்த பகுதிக்குள் நுழையாமல் ஒவ்வொரு நடைக்கும் காற்று வரும் பக்கமாக விலகி வரவேண்டும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகமூடி, கண்ணாடி ஆகியவை கூலிக்கு வருபவருக்கும் வேண்டும். நிலத்துக்காரர் கொடுக்க வேண்டியவை அவை. புட்டியின் மேலுள்ள சாய்சதுரத்தில் சிவப்பு இருந்தால் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பின்னர் நீலம், இறுதியாகப் பச்சை. விசைத் தெளிப்பானில் சிவப்பு நிற மருந்தை இடவே கூடாது என்பது நம் கருத்து.

அடைத்துக்கொண்ட நாசிலை வாயில் வைத்து ஊதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பல்லாலும் உதட்டாலும் நஞ்சை நேரே எடுத்துக்கொள்வதற்கு அது ஒப்பாகும். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தினால் துளை சிதையும். பழைய பல்துலக்கியும் ஒரு குவளை நீரும் ஒவ்வொரு தெளிப்பானோடும் இருக்கட்டும். மாற்று நாசில் ஒன்று பையில் இருந்தால் வயலில் அடைப்பு எடுக்கும் வேலையே இராது.

பஞ்சாயத்தின் புகைக் கருவி

டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் பஞ்சாயத்துகள் கொசுவுக்குப் புகை போடும் கருவியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதன் நீண்ட குழாயில் எரிந்த வாயு அதிர்ந்து அதிர்ந்து வெளியேறுகிறது. டீசலில் கரைத்த மருந்தைக் குழாயின் வாயருகே அவ்வாயுவில் செலுத்துகின்றனர். சூட்டில் டீசல் ஆவியாகி, வெளிக்காற்றின் குளிர்ச்சி பட்டதும் நுண்துளிகளாக உறைந்து வெண்புகையாகிறது. மருந்தைக் குழாயின் உட்பகுதியில், வாயு மிகச் சூடாயிருக்கும் இடத்தில் செலுத்தினால் மருந்தே கருகிக் கெடும். கண நேரமே சூடுபடும்படி அதை வாயருகே செலுத்துவது இதனாலேதான். மருந்து வரவு மிகுந்தால் வாயு அதனை ஆவியாக்க இயலாமல், புகை ஈரமாகிக் குழாய் முனையில் எண்ணெய் சொட்டும். சில வேளை தீயும் பற்றும். புகை காய்ந்து வெண்மையாகவும் முனை சொட்டாமலும் இருக்கும்படி திருகைச் சரிசெய்ய வேண்டும். சூடு தணியும்முன் டீசல் ஊற்றலாகாது.

இப்புகையின் துளி மிகவும் நுண்ணியது. தரை சூடேறியபின் காற்று மேலெழும். புகையும் கூடவே மேலே போய்விடும். தரையருகே குளிர்ந்த காற்று தங்கியிருக்கும் விடியலிலும் அந்திப் பொழுதிலும்தான் அது தெருவோடு தவழும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பதாயினும், வெயில் ஏறியபின் புகை போட்டுப் பயனில்லை. பறக்கும் கொசுவை மட்டுமே புகை கொல்லும். தொட்டியிலும் குடத்திலும் நெளியும் புழுவை அது தொடாது. முட்டையிலிருந்து கொசு வெளிவர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே புகை போடும் நாளை அறிவிக்கும்போதே, வாரம் ஒரு நாள் தொட்டிகளைக் காலி செய்து தேய்த்துக் கழுவும் நாளையும் சேர்த்து அறிவிப்பது நன்று. குடிநீர்க் குடங்களையும் உணவுப் பாத்திரங்களையும் மூடி வைக்கும்படியும், கைக்குழந்தைகளையும் இழுப்பு நோயாளிகளையும் அந்நேரம் தெருவிலிருந்து விலக்கி வைக்கும்படியும் வீடுதோறும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.